ஒரே வாசலா, பல வாசல்களா?

இக்கல்வியாண்டில், ஆகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நடந்த சிறு நிகழ்ச்சியை எங்கள் வகுப்பில் யாரும் எளிதில் மறக்க மாட்டோம். கடைசி மணி அடித்துவிட்டது. எல்லோரும் பையை எடுத்துக்கொண்டிருந்தோம். தோழி ஒருத்தி மட்டும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் முகம் வாடியிருந்தது. என்னவென்று கேட்டோம்.

அவள் ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அன்றுதான் கடைசி நாள். முந்தின இரவு பதினொரு மணி வரை அவளும் அவள் தந்தையும் வீட்டிலிருந்த பழைய செல்பேசியில் முயன்றிருக்கிறார்கள். பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாவற்றையும் நிரப்பி ‘அடுத்து’ என்ற பொத்தானை அழுத்தினால் பக்கம் வெள்ளையாகிவிடுகிறதாம். ஐந்து முறை நிரப்பினார்களாம். ஐந்து முறையும் அதே வெள்ளைப் பக்கம்! "எங்கள் போன்தான் ராசியில்லாத போன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கணிப்பொறி அறையைப் பூட்டிவிட்டுச் சாவியோடு படியிறங்கிக்கொண்டிருந்த சிஸ்டரிடம் ஓடினோம். "அழாதேம்மா, வா பார்க்கலாம்" என்று சொல்லி அறையை மறுபடி திறந்தார். விண்ணப்பப் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்வது போன்ற சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. இன்ன பிரவுசரில் மட்டுமே இப்பக்கம் சரியாக இயங்கும் என்பதே அது. தோழியின் வீட்டுச் செல்பேசியில் இருந்தது வேறு பிரவுசர். அதில் புதிதாக ஒன்றை ஏற்றவும் இடமில்லை. பள்ளிக் கணிப்பொறியில் அந்தப் பிரவுசர் இருந்தது. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஒப்புகைச் சீட்டை அச்சிட்டு அவள் கையில் கொடுத்தார் சிஸ்டர்.

படியிறங்கும்போது நாங்கள் கேட்டோம்: "சிஸ்டர், பிரவுசர் என்றால் இன்டர்நெட்தானே? அதில் இத்தனை வகை உண்டா?"

சிஸ்டர் சிரித்தார். "நல்ல கேள்வி. அடுத்த மாதம் இலக்கிய மன்றத்தில் அதையே தலைப்பாகத் தருகிறேன். நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள்" என்றார். சொன்னபடியே தலைப்பும் வந்தது: ‘இயக்க அமைப்பைத் தயாரிக்கும் நிறுவனம், போட்டி நிறுவனங்களின் பிரவுசர்களையும் மக்கள் முன் வைக்கவேண்டும் எனச் சட்டம் கட்டாயப்படுத்தலாமா?’ வகுப்பில் ஒரு பாதி ‘ஆம்’ அணி. மறு பாதி ‘கூடாது’ அணி. மூன்று வாரங்கள் நாங்கள் தேடிப் படித்ததையும், கடைசியில் எந்த முடிவுக்கு வந்தோம் என்பதையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு விளக்கம். கணிப்பொறியையோ செல்பேசியையோ ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் போன்ற இயக்க அமைப்புகள் அவ்வீட்டின் அஸ்திவாரமும் சுவரும் ஆகும். இணையம் என்பது வெளியே இருக்கும் ஊர். அந்த ஊருக்குப் போகும் வாசலே பிரவுசர். தமிழில் உலாவி என்பர். வாசல் வேறு, ஊர் வேறு. வாசலையே ஊர் என்று நினைத்திருந்தது எங்கள் அறியாமை!

இனி வரலாற்றுக்கு வருவோம். 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் என்ற பிரவுசர் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. 1995இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்ற தன் பிரவுசரைக் கொண்டுவந்தது. பிறகு அதை விண்டோஸோடு சேர்த்தே இலவசமாகத் தந்தது. அக்காலத்தில் உலகின் தனிநபர் கணிப்பொறிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸில்தான் இயங்கின. வீட்டோடு வாசலும் வந்துவிடும்போது வேறு வாசலைத் தேடிப் போகிறவர் யார்? சில ஆண்டுகளிலேயே நெட்ஸ்கேப் தேய்ந்து போயிற்று.

1998ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசும் பல மாநிலங்களும் மைக்ரோசாப்ட் மீது வழக்குத் தொடுத்தன. நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன், 2000ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கவேண்டும் என்றே ஆணையிட்டார். 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாணையை நீக்கிற்று. எனினும், தன் ஏகபோகத்தைக் காக்க நிறுவனம் சட்டவிரோதமாக நடந்தது என்பதை ஏற்றது. முடிவில் சமரசம் ஏற்பட்டது. போட்டிப் பொருளை ஏற்றும் கணிப்பொறித் தயாரிப்பாளர்களைப் பழிவாங்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. ஆனால் போட்டி பிரவுசர்களை வரிசையாக வைத்துக் காட்டவேண்டும் என்ற கட்டாயம் அங்கே பிறக்கவில்லை.

அது பிறந்தது ஐரோப்பாவில். 2007 டிசம்பரில் நார்வே நாட்டு ஓபரா நிறுவனம் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் செய்தது. 2009இல் மைக்ரோசாப்ட், "சரி, ஐரோப்பாவில் பிரவுசரே இல்லாத விண்டோஸைத் தருகிறோம்" என்று முதலில் சொல்லிப் பார்த்தது. வாசலே இல்லாத வீட்டை வைத்துக்கொண்டு மக்கள் என்ன செய்வார்கள்? ஆணையம் அதில் திருப்தி அடையவில்லை. இறுதியில், மக்களுக்குப் பல பிரவுசர்களின் பட்டியலைக் காட்டுவதாக அந்நிறுவனம் உறுதியளித்தது. 2010 மார்ச் முதல் ஐரோப்பியக் கணிப்பொறிகளில் அந்தத் தேர்வுத் திரை தோன்றிற்று. மொத்தம் பன்னிரண்டு பிரவுசர்கள், முன்வரிசையில் ஐந்து. யாருக்கும் சலுகை கூடாது என்பதற்காக வரிசை மாறி மாறி வரும்படி அமைத்தார்கள். அந்த ஆண்டு நவம்பருக்குள் அத்திரை வழியாக 8 கோடியே 40 லட்சம் பிரவுசர்கள் இறக்கப்பட்டதாக ஆணையம் தெரிவித்தது.

மன்றத்தில் ‘கூடாது’ அணியினர் சும்மா இருப்பார்களா? எங்கள் வகுப்புத் தலைவி எழுந்து கேட்டாள்: "ஓட்டல்காரர் தம் தோசையோடு பக்கத்து ஓட்டல் தோசையையும் தட்டில் வைக்கவேண்டுமா? சைக்கிள் வாங்கினால் சீட்டும் சேர்ந்துதானே வருகிறது! அதற்கு யாராவது வழக்குப் போடுகிறார்களா?" எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்து ஒருத்தி சொன்னது இன்னும் ஆழமானது. "2004இல் ஃபயர்பாக்ஸ் வந்தது; 2008இல் குரோம் வந்தது. தேர்வுத் திரையே இல்லாத நம் இந்தியாவிலும் மக்கள் தாமாகவே தேடி அவற்றை ஏற்றிக்கொண்டார்கள். நல்ல பொருளுக்குச் சட்டத்தின் கைத்தாங்கல் எதற்கு? 2011 மே முதல் 2012 ஜூலை வரை, மென்பொருள் கோளாற்றினால் ஐரோப்பாவில் 1 கோடியே 50 லட்சம் பேருக்கு அத்திரை வரவே இல்லை. அதற்காக 2013 மார்ச்சில் ஆணையம் 56 கோடியே 10 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. அந்த மக்களுக்கு ஒரு குறையும் தோன்றாமல் நாள் ஓடியிருக்குமே! பிறகு எதற்கு அந்தத் திரை?" இதைக் கேட்டபோது ‘ஆம்’ அணியில் இருந்த எங்களுக்கே வாய் அடைத்துப் போயிற்று.

ஆனால் பதில் இருக்கிறது. ஊரில் நூறு ஓட்டல் இருந்தால், எவரும் எவர் தோசையையும் விற்கவேண்டியதில்லை. ஊருக்குள் வரும் ஒரே சாலை ஓட்டல்காரருக்கே சொந்தமாக இருந்து, அவர் அந்தச் சாலையில் தம் கடைப் பலகையை மட்டும் நட்டுவைத்தால் அது வேறு கதை அன்றோ? இயக்க அமைப்பு என்பது அந்தச் சாலையைப் போன்றது. சாலையை வைத்திருப்பவருக்குக் கொஞ்சம் கூடுதல் கடமை உண்டு.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று தென் கொரியாவின் கதையில் கிடைத்தது. 1990களின் இறுதியில் இணைய வங்கிச் சேவையைப் பாதுகாப்பாக நடத்த அந்நாடு தனக்கென ஒரு மறைகுறியீட்டு முறையை உருவாக்கிற்று. அதைச் செயல்படுத்த, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே ஓடும் ‘ஆக்டிவ்எக்ஸ்’ என்ற நுட்பத்தைப் பயன்படுத்தினார்கள். எல்லோரிடமும் அதே பிரவுசர்தானே இருக்கிறது என்று நினைத்தார்கள் போலும். விளைவு என்ன? பணம் அனுப்ப, பொருள் வாங்க, அரசு அலுவலகச் சான்றிதழ் பெற என எல்லாவற்றுக்கும் பல ஆண்டுகள் அந்த ஒரே வாசலிலேயே மக்கள் நிற்க நேர்ந்தது. அச்சான்றிதழ் முறையின் கட்டாயத் தகுதி 2020 டிசம்பரில்தான் நீக்கப்பட்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு மைக்ரோசாப்டே 2022 ஜூனில் விடை கொடுத்தது.

இதைப் படித்தபோதுதான் எங்கள் தோழியின் வெள்ளைப் பக்கம் எங்களுக்குப் புரிந்தது! ஊரெல்லாம் ஒரே வாசலில் போகத் தொடங்கினால், வெளியே கடை போடுகிறவர்களும் அந்த வாசலை மட்டும் பார்த்தபடியே கடையை அமைக்கிறார்கள். அப்போது நஷ்டப்படுவது போட்டி நிறுவனம் மட்டும் அன்று. பழைய செல்பேசி வைத்திருக்கும் கூலித் தொழிலாளியும் அவருடைய மகளுமே முதலில் நஷ்டப்படுகிறார்கள். பல பிரவுசர்கள் உயிரோடு இருந்தால்தான், பக்கங்களை எழுதுவோர் எல்லோருக்கும் பொதுவான விதிகளின்படி எழுதுவார்கள்.

இக்காலத்து நிலைமை என்ன? உலகில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இணைய உலா இன்று குரோம் வழியாக நடக்கிறது. அன்று போட்டியாளராக வந்தது இன்று தானே பெரிய வாசலாகிவிட்டது! எட்ஜ், ஓபரா, பிரேவ் ஆகியவையும் குரோமுக்கு அடிப்படையான அதே உள்எந்திரத்தில்தான் ஓடுகின்றன. பாட்டில் பல, சர்பத் ஒன்று என்று சொல்லலாம். ஐரோப்பாவில் டிஜிட்டல் சந்தைச் சட்டம் 2024 மார்ச் முதல் பெரிய நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. அதன்படி ஐபோனிலும் பிரவுசர் பட்டியல் காட்டப்படுகிறது. அதன் பிறகு தம்மைப் பயன்படுத்துவோர் கூடினர் எனச் சில சிறிய நிறுவனங்கள் கூறின. நம் நாட்டிலும் 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு தொடர்பாகக் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. குரோம் உள்ளிட்ட செயலிகளை ஒரே கட்டாக ஏற்றும்படி செல்பேசித் தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் கூறிற்று. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சில கட்டளைகளை நீக்கியபோதிலும் அபராதத்தை உறுதி செய்தது.

மன்றக் கூட்டத்தின் முடிவில் சிஸ்டர் ஒரு சோதனை வைத்தார். கரும்பலகையில் நான்கு பிரவுசர்களின் பெயரை எழுதி, "கை தூக்குங்கள், யாருக்கு எது வேண்டும்?" என்றார். இருவரைத் தவிர எல்லோரும் வீட்டில் பார்த்துப் பழகிய ஒன்றுக்கே கை தூக்கினோம். பிறகு ஒவ்வொன்றையும் பற்றி இரண்டு நிமிடம் விளக்கினார். யார் தயாரிப்பது, நம் விவரங்களை என்ன செய்கிறது, பழைய கருவியில் ஓடுமா என்றெல்லாம் சொன்னார். மறுபடி கேட்டபோது கைகள் நான்கு பக்கமும் பிரிந்தன! பட்டியல் மட்டும் போதாது. பட்டியலில் இருப்பது இன்னதென்று தெரிந்திருக்கவும் வேண்டும் என்பதை அன்று கண்கூடாகக் கண்டோம்.

ஆகவே எங்கள் முடிவு இதுதான். பெரும்பான்மை மக்கள் ஒரே இயக்க அமைப்பை நம்பியிருக்கும்போது, போட்டி பிரவுசர்களையும் முன்வைக்கவேண்டும் எனச் சட்டம் கட்டாயப்படுத்தலாம். சிறிய நிறுவனங்கள் மீது அந்தச் சுமை வேண்டாம். வரிசை நடுநிலையாக இருக்கட்டும். ஒவ்வொரு பெயருக்கும் எளிய மொழியில் இரண்டு வரி விளக்கம் இருக்கட்டும். அதோடு, பொதுமக்களுக்கான விண்ணப்பங்கள் எந்தப் பிரவுசரிலும் திறக்கவேண்டும் என்ற விதியும் சேரட்டும். அது இல்லாத தேர்வுத் திரை, பல வாசல் வைத்து வெளியே ஒரே பாதை போட்டது போலாகும்.

கூட்டம் முடிந்து நன்றியுரைக்கு முன், அதுவரை வாய் திறவாத எங்கள் தோழி எழுந்து நின்றாள். "எனக்கு அன்று சிஸ்டர் சாவியோடு கிடைத்தார். சாவி வைத்திருக்கும் சிஸ்டர் இல்லாத பள்ளிக்கூடத்தில் படிக்கும் பெண் அன்று என்ன செய்திருப்பாள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

‘கூடாது’ அணியில் யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை. எங்கள் அணியிலும் யாரும் கைதட்டவில்லை. மணி அடித்த பிறகும் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி