வராத விருந்தாளி

விருந்தாளி வரப்போகிறார் என்றால் வீட்டில்தான் எத்தனை மாற்றம்! திண்ணை கழுவப்படுகிறது. பாயும் தலையணையும் வெயில் காண்கின்றன. அடுக்களையில் முறுக்கு வேகிறது. விருந்தாளி வந்து தங்கும் இரண்டு நாள்களைவிட, அவர் வருவதற்கு முந்திய நான்கு நாள்களே இன்பமானவை என்று எனக்குப் பலமுறை தோன்றியதுண்டு. அப்படிக் காத்திருந்த விருந்தாளி வராமலே போய்விட்டால்? கழுவிய திண்ணையும் சுட்ட முறுக்கும் வீண்தானா? இந்தக் கேள்வியை என்னுள் எழுப்பியது பெரிய நூல் ஒன்றுமன்று; கையளவே உள்ள ஒரு விளையாட்டுக் கருவி!

என் பெரியப்பா மகன் அமெரிக்காவில் பொறியாளர். 2010ஆம் ஆண்டில் மேற்படிப்புக்காகப் போனவர், அங்கேயே வேலையிலும் அமர்ந்துவிட்டார். சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, பெட்டியின் அடியிலிருந்து அந்தக் கருவியை எடுத்து, "வைத்துக்கொள் தம்பி" என்று என் கையில் கொடுத்தார். புத்தகம்போல் மடித்துத் திறக்கும் அமைப்பு; மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. நின்டெண்டோ 3 டி.எஸ். என்று பெயர். மேல்திரையின் ஓரத்தில் உள்ள சிறு விசையை நகர்த்தினால் படத்துக்கு ஆழம் உண்டாகிறது. அதற்கெனக் கண்ணாடி அணிய வேண்டியதில்லை. திரைக்குள் இருக்கும் நுண்ணிய தடுப்பு, வலக்கண்ணுக்கு ஒரு படத்தையும் இடக்கண்ணுக்குச் சற்றே வேறான ஒரு படத்தையும் அனுப்புகிறது. மூளை இரண்டையும் ஒன்றாக்கி ஆழத்தைக் காண்கிறது.

விளையாட்டுகளின் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நடுவில், 'தூதர் சான்றிதழ்' என்று பொருள்படும் ஒன்று இருந்தது. "அண்ணா, நீங்கள் எந்த நாட்டுக்குத் தூதர்?" என்று கேட்டேன். "ஏமாந்தவர்கள் நாட்டுக்கு!" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு, அன்று மாலை முழுவதும் அந்த நாட்டின் கதையைச் சொன்னார்.

2010 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த விளையாட்டுக் கண்காட்சியில் இந்தக் கருவியை முதன்முதலாகக் காட்டினார்கள். வரப்போகும் விளையாட்டுகளின் பட்டியலையும் கூடவே அறிவித்தார்கள். ரசிகர்களுக்குத் தலைகால் புரியவில்லை. அமெரிக்காவில் 2011 மார்ச் 27 அன்று கருவி விற்பனைக்கு வந்தது. விலை 250 டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. மாணவராக இருந்த அண்ணன், மூன்று மாதம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தில் முதல் வாரமே வாங்கிவிட்டாராம். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, பந்தியில் இலை போட்டாகிவிட்டது, சோறு வரவில்லை என்று! கண்காட்சியில் முதலில் காட்டிய 'கிட் இகாரஸ்' விளையாட்டு 2012 மார்ச்சில்தான் வந்தது. புதிய மாரியோ விளையாட்டோ 2011 நவம்பர் வரை வரவில்லை.

"அப்படியானால் ஏன் வாங்கினீர்கள்?" என்றேன். "ஒரே ஒரு விளையாட்டுக்காக" என்றார். அந்த விளையாட்டின் பெயர் 'மெகா மேன் லெஜன்ட்ஸ் 3'. ஜப்பானிய நிறுவனமான கேப்காம் அதை 2010 செப்டம்பர் இறுதியில் அறிவித்தது. அதற்கு முந்திய இரண்டாம் பாகம் வந்தது 2000ஆம் ஆண்டில். அதன் முடிவில் கதைத்தலைவன் பூமிக்குத் திரும்ப வழியின்றி விண்வெளியில் அகப்பட்டுக்கொள்கிறான். அவனை மீட்டு வர, பூமியில் இரண்டு பெண்கள் ஏவூர்தி செய்ய முயல்கிறார்கள். அத்தோடு கதை நிற்கிறது. பத்து ஆண்டுகள்! ரசிகர்கள் பேச்சு வழக்கில் அவனை 'நிலவில் சிக்கியவன்' என்றே குறிப்பிட்டு வந்தார்கள். அவன் திரும்பி வரப்போகிறான் என்று கேட்டபோது அவர்கள் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமோ?

இந்த அறிவிப்பில் ஒரு புதுமையும் இருந்தது. விளையாட்டை உருவாக்கும் வேலையில் ரசிகர்களும் பங்கு பெறலாம் என்று நிறுவனம் அழைத்தது. அதற்கென இணையத்தில் ஓர் அரங்கையே திறந்து வைத்தது. புதிய கதைத்தலைவியின் தோற்றம் எப்படி இருக்க வேண்டும் என்று ஓவியங்களை முன்வைத்து வாக்கெடுத்தார்கள். ரசிகர்கள் கருத்து எழுதினார்கள், படம் வரைந்து அனுப்பினார்கள், இரவெல்லாம் விவாதித்தார்கள். அண்ணன் தம் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கோடு போட்ட தாளில் பென்சிலால் வரைந்த ஓர் இயந்திர மனிதன். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. "நான் அனுப்பியது, தேறவில்லை" என்றார். பத்து ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் படத்தை அழிக்காமல் வைத்திருக்கிறாரே என்று எண்ணிக்கொண்டேன்.

2010 அக்டோபர் இறுதியிலேயே ஒரு நெருடல். அந்த விளையாட்டுக்குப் பின்னின்ற கெய்ஜி இனாஃபூனே நிறுவனத்தை விட்டு விலகுவதாக அறிவித்தார். எனினும் வேலை தொடரும் என்றார்கள். முழு விளையாட்டுக்கு இன்னும் இறுதி ஒப்புதல் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். முதலில் ஒரு சிறு முன்னோட்டப் பதிப்பை விற்கப்போவதாகச் சொன்னார்கள். அதுவும் தள்ளிப்போயிற்று. 2011 ஜூலை 18 அன்று, திட்டம் கைவிடப்பட்டது என்ற செய்தி வந்தது. முன்னோட்டப் பதிப்பும் இல்லை என்றாகிவிட்டது.

நியாயத்தை நியாயமாகவே பேச வேண்டும். விளையாட்டுத் தயாரிப்பு பெருஞ்செலவு பிடிக்கும் தொழில். முதல் தேறாது என்று தோன்றினால் நிறுத்திக்கொள்ள வணிகருக்கு உரிமை உண்டு. ஒப்புதல் இன்னும் கிடைக்கவில்லை என்று அவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் பிறகு நடந்ததுதான் புண்ணில் வேல் பாய்ச்சியது. ரசிகர்களின் பங்கேற்பு போதவில்லை என்று பொருள்படும் ஒரு சொல் அந்நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளையிலிருந்து வந்தது. வாசலில் கோலமிட்டு நின்றவர்களைப் பார்த்து, 'நீங்கள் சரியாக அழைக்காததால்தான் விருந்தாளி வரவில்லை' என்றால் எப்படி இருக்கும்? ரசிகர்கள் கொதித்தார்கள். ஓர் இலட்சம் பேரைத் திரட்டுவோம் என்று முகநூலில் ஒரு குழு எழுந்தது. 'என்னை நிலவிலிருந்து மீட்டுவாருங்கள்' என்பதே அவர்களுடைய முழக்கமாயிற்று.

இதே ஜூலை மாதத்தில், சரியாகப் பத்து நாள் கழித்து, இன்னொன்றும் நடந்தது. கருவி எதிர்பார்த்தபடி விற்கவில்லை என்பதால் நின்டெண்டோ நிறுவனம் அதன் விலையைக் குறைப்பதாக ஜூலை 28 அன்று அறிவித்தது. அமெரிக்காவில் 80 டாலர் குறைவு! நான்கு மாதம் பொறுத்தவனுக்கு ஆதாயம். நம்பி முதலில் வாங்கியவனுக்கு நட்டம். அந்த மனக்குறையை நிறுவனமும் உணர்ந்திருந்தது. தலைவர் சடோரு இவாட்டா தம் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். விலைக் குறைப்புக்கு முன்பே கருவி வாங்கி இணையக் கடையில் இணைந்தவர்கள் அனைவருக்கும் 'தூதர்' என்று பெயர் சூட்டி, 20 பழைய விளையாட்டுகளை விலையின்றி வழங்கினார்கள். அவற்றில் பத்து, கேம் பாய் அட்வான்ஸ் என்ற முந்திய கையடக்கக் கருவிக்கு உரியவை. அந்தப் பத்தையும் இந்தக் கருவியில் வேறு எவருக்கும் அவர்கள் விற்கவே இல்லை. நான் கண்டு சிரித்த சான்றிதழின் வரலாறு இதுதான்.

20 பழைய விளையாட்டுகள் 80 டாலருக்கு ஈடாகுமா? கணக்குப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். என் மனத்தில் பதிந்தது வேறு. ஒரே மாதம்; ஒரே கருவி; இரண்டு நிறுவனங்கள். இரண்டும் தம்மை நம்பியவர்களுக்கு ஏமாற்றத்தைத் தந்தன. ஒன்று, 'நீ முன்னே நின்றாய், அதை நான் அறிவேன்' என்றது. மற்றொன்று, கதவைச் சாத்திய பிறகு குறையையும் நம்பியவன் தலையில் வைத்தது. பிறரைக் காத்திருக்கச் சொல்வது கடன் வாங்குவது போன்றது. கடனைத் திருப்ப முடியாத காலம் எவருக்கும் வரலாம். 'வாங்கினேன்' என்று ஒப்புக்கொள்ளவாவது வேண்டாமா?

எல்லாக் காத்திருப்பும் இப்படியே முடிவதில்லை. ஷிகெசாடோ இடோய் என்ற ஜப்பானிய எழுத்தாளர் படைத்த 'மதர் 3' என்ற விளையாட்டு முதலில் வேறொரு கருவிக்காகத் தொடங்கப்பெற்று, 2000ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. பின்னர் 2006 ஏப்ரலில் கேம் பாய் அட்வான்ஸ் கருவிக்கு வந்தது. ஆனால் ஜப்பானிய மொழியில் மட்டுமே. ஆங்கிலத்தில் வேண்டும் என்று ரசிகர்கள் மனுமேல் மனுவாக அனுப்பியும் பயனில்லை. என்ன செய்தார்கள்? தாங்களே கூடி மொழிபெயர்த்தார்கள்! 2008 அக்டோபரில், ஊதியம் ஏதுமின்றி, அந்த மொழிபெயர்ப்பை உலகுக்கு வழங்கினார்கள். விருந்தாளி வரவில்லையென்றால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு நாமே போய்ப் பார்த்துவிடுவது என்பது இதுதான் போலும்.

இன்னொரு வகையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் ஒரு சிறு குழு உருவாக்கிய 'ஹாலோ நைட்' விளையாட்டின் தொடர்ச்சியான 'சில்க்சாங்', 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. கையில் எடுத்துச் செல்லும் ஸ்விட்ச் கருவிக்கும் அது வருவதாக இருந்தது. ஒவ்வோர் அறிவிப்பு நிகழ்ச்சியின்போதும் 'இன்றாவது வருமா?' என்று ரசிகர்கள் ஏங்குவதும், வராதபோது தம்மைத் தாமே கோமாளிகளாகச் சித்திரித்துச் சிரித்துக்கொள்வதும் வழக்கமாயின. ஆறரை ஆண்டுகள் கழிந்து 2025 செப்டம்பர் 4 அன்று அது வந்தே விட்டது. வந்த அன்று கூட்டம் தாங்காமல் இணையக் கடைகள் திணறின. காத்திருந்த பசிக்கு அதுவே சான்று.

இவற்றையெல்லாம் கேட்டபின் அண்ணனிடம், "உங்கள் விளையாட்டுதான் வரவில்லையே, அந்த மாதங்கள் வீண்தானே?" என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "புது ஊர். பேச ஆள் கிடையாது. அறைக்கு வந்தால் நான்கு சுவர். அப்போது அந்த அரங்கில் உலகின் எந்தெந்த மூலையிலோ இருந்தவர்கள், முகம் தெரியாதவர்கள், என் படத்தைப் பார்த்து, 'அந்தக் குட்டைக் கையை மட்டும் மாற்றாதே' என்று எழுதினார்கள். விளையாட்டு வரவில்லை தம்பி. ஆனால் அந்த ஒன்பது மாதமும் நான் தனியாக இருக்கவில்லை."

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. ரசிகன் என்றாலே வணிகன் விரித்த வலையில் விழுந்தவன் என்று அதுவரை நினைத்திருந்தேன். வலை உண்டு என்பதை இப்போதும் மறுக்கவில்லை. ஆனால் வலையில் விழுந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டு பேசத் தொடங்கினார்களே, அது வலை விரித்தவனின் கணக்கில் இல்லாதது. அவனால் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் முடியாதது.

இந்தக் கருவிக்கான இணையக் கடை 2023 மார்ச் 27 அன்று விற்பனையை நிறுத்திவிட்டது. புதிய விளையாட்டு இனி இதற்கு வரப்போவதில்லை. தூதருக்குக் கிடைத்த இருபதும் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. இரவில் படிப்பு முடிந்ததும் சிறிது நேரம் எடுத்து விளையாடுகிறேன். அப்போதெல்லாம், நீளக் கையும் குட்டைக் கையுமாக நின்ற அந்தப் பென்சில் படம் நினைவுக்கு வருகிறது. விருந்தாளி வரவில்லைதான். ஆனால் அவனுக்காகச் சுட்ட முறுக்கைக் காத்திருந்தவர்கள் பகிர்ந்து உண்டார்கள். அது எப்படி வீணாகும், நண்பர்களே?