பந்திக்கு முந்தின சாயங்காலம்

நற்கருணை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில்களில் ஆயத்த ஆராதனை நடக்கும். கூட்டம் அதிகம் இராது. வேலை முடிந்து கைகால் கழுவிவிட்டு அப்படியே வந்தவர்கள்தான் பாதிப் பேர். ஜெபம், பாவ அறிக்கை எல்லாம் ஆனபிறகு ஐயர் கேட்பார்: யாரோடும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறீர்களா? மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னதுதான் அதற்கு ஆதாரம். சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னால் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, முதலில் போய் அவனோடு ராசியாகிவிட்டு வரச் சொல்கிறார். காணிக்கை காத்திருக்கலாம், ராசியாவது காத்திருக்கக் கூடாது.

ஆச்சிக்கும் பக்கத்து வீட்டு மயினிக்கும் ஒருமுறை முருங்கைக் கிளையால் சண்டை. கிளை வேலி தாண்டியது, அவர்கள் வெட்டிவிட்டார்கள். குழாயடியில் ஒருவர் வந்தால் மற்றவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார். ஆயத்த ஆராதனை முடிந்து வந்த ஒரு சனிக்கிழமை, ஆச்சி நேரே அந்த வீட்டு வாசலில் போய் நின்றாள். “என்ன மயினி, உலை வச்சாச்சா?” உள்ளேயிருந்து சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, “இப்பந்தான் வச்சேன். உள்ள வாங்க, ஏன் வாசல்ல நிக்கிய?” கருப்பட்டிக் காப்பி வந்தது. ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தாள். முருங்கையைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. சண்டைக்குப் பிறகு சொல்லவேண்டிய முதல் வார்த்தைதான் கனம். உலையைப் பற்றிக் கேட்பதற்குள் ஆச்சிக்கு ஓர் ஆராதனை முழுவதும் தேவைப்பட்டது.

பின்னாளில் புனித பெனடிக்ட் எழுதிய துறவற ஒழுங்கைப் படித்தபோது ஆச்சியின் நினைப்புத்தான் வந்தது. 6-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் எழுதப்பட்டது அது. ஒரே கூரையின்கீழ் வாழ்கிறவர்களை அவருக்கு நன்றாகத் தெரியும். கர்த்தர் கற்பித்த ஜெபத்தைக் காலையிலும் மாலையிலும் மடத்தின் தலைவர் எல்லார் காதிலும் விழும்படி முழுவதும் சத்தமாகச் சொல்லவேண்டும் என்கிறார். கூடி வாழும் இடத்தில் மனக்கசப்பு முள்ளாக முளைத்துக்கொண்டே இருக்கும் என்பதுதான் காரணம். மன்னிப்புக்கு மன்னிப்பு என்று தங்கள் வாயாலேயே உடன்பட்டிருக்கிறார்கள் என்பது அன்றாடம் காதில் விழவேண்டும். முக்கியமான காரியம் வந்தால் மடத்தில் எல்லாரையும் கூட்டிக் கேட்கவேண்டும், நல்ல யோசனையைக் கடவுள் பல சமயம் இளையவனுக்கே காட்டுகிறார் என்றும் எழுதியிருக்கிறார். பெரியவர்கள் பேசும் இடத்தில் உனக்கென்ன என்று கேட்டே வளர்ந்த எனக்கு அந்தப் பக்கத்தைத் தாண்டவே மனம் வரவில்லை.

வீட்டில் ராத்திரிக் குடும்ப ஜெபத்துக்கு நீதிமொழிகள்தான். 31 அதிகாரங்கள், தேதிக்கு ஒன்று. அப்பா வாசிப்பார். நாவும் உதடும் வாயும் அந்தப் புத்தகத்தில் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். ஒருவர் சொல்வதைக் கேட்டு முடிக்குமுன் பதில் சொல்வது புத்தியீனம் என்ற இடம் 18-ஆம் அதிகாரத்தில் வரும். அங்கே அப்பா நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்ப்பார். விளக்கம் எதுவும் கிடையாது. அடுத்த வசனத்துக்குப் போய்விடுவார்.

யாக்கோபின் நிருபம் அந்தப் பார்வைக்கு விளக்கம் போல எனக்குப் பட்டது. கடவுளைத் துதிக்கிற அதே வாயால் அவர் சாயலில் உண்டான மனிதனைச் சபிக்கிறோம், இது கூடாது என்கிறார். நாவைப் பற்றிப் பேசிய அதே 3-ஆம் அதிகாரத்தில், மூச்சு விடாமல் ஞானத்துக்கு வருகிறார். உங்களில் ஞானி யார்? சமாதானமும் இரக்கமும் நடத்தையில் தெரிகிறவன். படிப்பையோ வசனம் எத்தனை மனப்பாடம் என்பதையோ அவர் கேட்கவே இல்லை.

1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை 1950-இல் வகுத்த நற்கருணை ஒழுங்கில், சமாதானம் கையோடு கை சேர்த்துத் தரப்படுகிறது. கேரளத்துச் சுரியானி மரபிலிருந்து எடுத்துக்கொண்ட வழக்கம். பீடத்திலிருந்து புறப்பட்டு வரிசை வரிசையாக வரும். பக்கத்தில் நிற்பவர் யாரோ அவருக்குத்தான் கொடுத்தாகவேண்டும். பிடித்த ஆளைத் தேடிப் போகமுடியாது.

வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலில் நின்று இதை நினைத்துக்கொண்டேன். ஒரே பீடம், சாதி பார்த்து ஆட்களைப் பிரிக்க இரண்டு நடைக்கூடங்கள், நடுவில் தடுப்பு. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சொன்னது ஒரே ஜெபம்தான். 1910-இல் தடுப்பை எடுத்தார்கள். அது எங்களுக்கு வேண்டும் என்று தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அதுவரைக்கும் எத்தனை நல்ல மனிதர்கள், நிதானமானவர்கள், யாரையும் கடிந்து பேசாதவர்கள், அந்தத் தடுப்பின் ஓரமாக வாய் திறவாமல் முழங்காலிட்டு எழுந்து போயிருப்பார்கள்! நாவை அடக்குவது மட்டும் ஞானமென்றால் அவர்கள் எல்லாரும் ஞானிகள்.

நீதிமொழிகளின் கடைசி அதிகாரம் வருஷத்தில் 7 மாதங்களில்தான் முறைக்கு வரும். அதில் ஒரு தாய் ராஜாவாகிய தன் மகனுக்குப் புத்தி சொல்கிறாள்: பேச முடியாதவனுக்காக நீ வாயைத் திற, ஏழைக்கு நியாயம் செய். நாவை அடக்கச் சொல்லியே வந்த புத்தகம், முடியப்போகும் இடத்தில் வாயைத் திறக்கச் சொல்கிறது. இரண்டும் ஒரே போதனை என்றுதான் நான் நம்புகிறேன். அயலாரிடம் கோபத்தில் வாயை அடக்கவும், அவருக்கு அநியாயம் நடக்கையில் முன்னால் போய்ப் பேசவும் கற்றுத் தராத சபையில் பாட்டும் பிரசங்கமும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் போதாது.