வாசிக்கிறவருக்கு என்ன வாங்குவது?

கிதார் கற்கத் தொடங்கியிருக்கும் பையனுக்குப் பரிசு வாங்குவது எளிது. எதைக் கொடுத்தாலும் அவனிடம் அது இருக்காது. வருஷக்கணக்காக வாசிக்கிறவர் விஷயம் வேறு. "அண்ணா, அவர்கிட்ட எல்லாமே இருக்கு. ரெண்டாயிரத்துக்குள்ள நான் என்னத்த வாங்குறது?" என்று கூட வாசிக்கும் நண்பர்களின் வீட்டார் என்னிடம் கேட்பதுண்டு. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "அவர் கிதார் பையோட முன்பக்க ஜிப்பைத் திறந்து பார்த்திருக்கியாம்மா?"

அனுபவமுள்ள வாசிப்பாளரின் ரசனை அவர் விரல்களில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அந்த முடிவுகள் எல்லாம் அந்த ஜிப்புக்குள் கிடக்கும். கம்பி மாற்றியதும் பழையதைச் சுருட்டி, புதிய கம்பி வந்த உறையிலேயே போட்டுப் பையில் செருகிவிடுவது எங்களில் பலருக்குப் பழக்கம். அந்த உறையைப் போனில் படம் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கம்பெனி, உலோகம், கனம் எல்லாம் அதிலேயே அச்சாகியிருக்கும். 12–53 என்று இருந்தால், மிக மெல்லிய கம்பியின் விட்டம் ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் 12 பங்கு, மிகத் தடித்தது 53 பங்கு என்று பொருள். 11-க்கும் 12-க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. விரல் நுனிக்கு முதல் அழுத்தத்திலேயே தெரிந்துவிடும். கமகத்துக்காகக் கம்பியை வளைத்து இழுக்கிறவர் மெல்லியதை விரும்புவார். ஓங்கி ஸ்ட்ரம் செய்கிறவருக்கு அதே கம்பி கொழகொழவென்று இருக்கும். உலோகமும் அப்படித்தான். 80/20 என்று போட்டிருப்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது, நாதம் பளிச்சென்று இருக்கும். பாஸ்பர் பிரான்ஸ் சற்றுக் கனிவானது. கடைக்காரர் "இது அதைவிட உசத்தி" என்று வேறொன்றைக் காட்டினால் மனம் மாற வேண்டாம். அவர் போடும் அதே கம்பியில் இரண்டு செட். சென்னை வியர்வைக்கு எஃகுக் கம்பி சீக்கிரமே கறுத்துவிடும். மேடைக்கு முந்தின நாள் கைவசம் புது செட் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கிளாசிகல் கிதாருக்கு நைலான் கம்பிதான். எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையில் இழுக்கும். நைலான் செட் ஏறத்தாழ 40 கிலோதான். மெல்லிய பலகையும் லேசான உள்கட்டைகளும் கொண்ட கிளாசிகல் கிதாரில் எஃகை மாட்டினால் பிரிட்ஜே பெயர்ந்து வரலாம். பார்த்து வாங்குங்கள்.

பிக் இன்னும் மலிவு, இன்னும் நுட்பம். ஒரு காலத்தில் அலுங்காமை ஓட்டிலிருந்து செய்தார்கள். 1970-களில் அந்த வணிகத்துக்கு உலக அளவில் தடை வந்தபின் பிளாஸ்டிக் வகைகளே மிஞ்சின. டன்லப் கம்பெனியின் டார்டெக்ஸ் 1981-இல் வந்தது. அதில் நிறமே கனத்தைச் சொல்லும்: மஞ்சள் 0.73 மி.மீ., பச்சை 0.88. குவீன் குழுவின் பிரையன் மே இவை எதையும் தொடாமல் பழைய ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசிக்கிறவர். ஆகவே எது நல்லது என்ற கேள்விக்குப் பொதுப் பதில் கிடையாது. அவர் பையில் எந்த நிறம் அதிகம், எது முனை தேய்ந்து வட்டமாகியிருக்கிறது என்று பாருங்கள். அதே பிக்கில் ஒரு டஜன் வாங்கிக் கொடுங்கள். பிக் தொலையாத வீடு கிடையாது. சோபா இடுக்கில் போனது போனதுதான்.

கிதார் படம் போட்ட கோப்பையும் சாவிக்கொத்தும் என் கணக்கில் வராது. அவை கிதாரை ரசிக்கிறவருக்கு. வாசிக்கிறவருக்குக் கிதாரே வீட்டில் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பரிசை யாரும் நினைப்பதில்லை: கேஸுக்குள் வைக்கும் சிறிய ஈரப்பதமானி. டிஜிட்டல் வகையே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நல்ல கிதார் பட்டறைகளில் காற்றின் ஈரப்பதத்தை 45 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்துத்தான் மரத்தை ஒட்டுவார்கள். சென்னையில் ஐப்பசி மழை பிடித்தால் அது 80-ஐத் தாண்டிப் போகும். மேற்பலகையான ஸ்ப்ரூஸ் மரம் ஈரத்தைக் குடித்து உப்பும். பிரிட்ஜ் மேலே எழும். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி கூடி, நேற்றுவரை சுலபமாகப் பிடித்த பார் கார்டுக்கு இன்று மணிக்கட்டு வலிக்கும். குளிர்நாட்டுப் பரிசுப் பட்டியல்களில் மரத்துக்கு ஈரம் ஊட்டும் ஹியூமிடிஃபையர் தவறாமல் இருக்கும். அங்கே குளிர்கால ஹீட்டர் அறையை உலர்த்தி மரத்தைச் சுருங்கச் செய்கிறது, அதனால் அது அவர்களுக்குச் சரி. கடற்கரை ஊர்க்காரருக்கு அதை வாங்கிக் கொடுத்தால் நனைந்தவனை மேலும் நனைப்பதாகும். இங்கே வேண்டியது சிலிகா ஜெல்தான், அதையும் அளவறிந்து வைக்க வேண்டும். இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் காற்று காய்ந்துவிடும். அங்கே கணக்கு மாறும். அதனால்தான் மானி முதலில் வேண்டும் என்கிறேன். கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால், ஈரத்தை வாங்கவும் விடவும் செய்யும் 49 சதவீதப் பொட்டலங்கள் கிடைக்கின்றன. மூடிய கெட்டிக் கேஸில் வைத்தால்தான் அவற்றால் பயன்.

ஃப்ரெட்போர்டு எண்ணெயும் கேட்கிறார்கள். ரோஸ்வுட், எபனி பலகைகளுக்கு வருஷத்துக்கு ஓரிரு முறை சில சொட்டுப் போதும். வார்னிஷ் பூசிய மேப்பிள் பலகைக்குத் தேவையே இல்லை. பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானபோது, 1969-இல் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம்தான் அது. அந்த மரம் கைக்கு வரும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கும்.

நகத்தால் மீட்டுகிறவருக்கு மிக நுண்ணிய உப்புத்தாள் நாலைந்து வாங்கிக் கொடுங்கள். நகத்தின் ஓரம் வழவழப்பாக இல்லாவிட்டால் ஒவ்வொரு சுரத்திலும் ஒரு கீறல் கேட்கும்.

இவை எல்லாமே அவரிடம் இருந்தால், செட்அப் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். நெக்கின் வளைவைச் சரிசெய்து, சாடிலையும் நட்டையும் தேவையான உயரத்துக்கு இழைத்து, ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் சுரம் பிசகாமல் ஒலிக்க வைக்கும் வேலை அது. தன் கிதாருக்கு இதைச் செய்ய வேண்டும் என்று தெரிந்தும் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் நாங்கள். ஆனால் திடீர் மகிழ்ச்சி கொடுக்கிறேன் என்று அவருக்குத் தெரியாமல் கிதாரைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். கம்பி எவ்வளவு தாழ வேண்டும் என்று அவர்தான் சொல்ல வேண்டும். பழுதுபார்ப்பவர் முன்னால் அவர் தன் வழக்கமான பாட்டொன்றை வாசித்துக் காட்டுவதும் நல்லது. கச்சேரி ஏதும் இல்லாத வாரமாகப் பார்த்து நாள் குறியுங்கள். பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கே போய் "இப்போதைக்குக் கம்பி மட்டும் மாத்துங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்.