அச்சேறாத பாடலும் அதைப் பாடும் குரல்களும்

சேர்ந்திசைக்கென எழுதப்பட்ட பாடல் தாளில் மட்டும் இருக்கும்வரை பாதிப் பாடலே. பியானோவுக்கு எழுதியவர் தாமே வாசித்துப் பார்த்துக்கொள்ளலாம். சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என நான்கு குரல்களுக்கு எழுதியவருக்கு அது இயலாது. அவருக்கு மனிதர்கள் வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரதி வேண்டும். அந்தப் பிரதிகளுக்கு நெடுங்காலம் பதிப்பாளரையே நம்ப வேண்டியிருந்தது. அறியப்படாத பெயரை அச்சேற்ற அவர் தயங்குவது இயல்பு. அச்சேறாததால் பாடப்படவில்லை, பாடப்படாததால் அச்சேறவுமில்லை.

இந்தச் சுழலைத் தளர்த்திய முயற்சிகளுள் ஒன்று, 1998 டிசம்பரில் ரஃபேல் ஓர்னெஸ் தொடங்கிய 'கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரி' என்னும் இணைய நூலகம். காப்புரிமை முடிந்த பழைய படைப்புகளோடு, வாழும் இசையமைப்பாளர்கள் தாமே அளிக்கும் புதிய படைப்புகளும் அதில் இடம்பெறுகின்றன. 2005-இல் அது விக்கி வடிவம் பெற்றது. அங்கே பிடிஎஃப் கோப்போடு பல வேளைகளில் மிடி கோப்பும் இருக்கும். முன்னதை அச்சிட்டுக்கொள்ளலாம், பின்னதைக் கேட்டு, இசைக்குறிப்பை வாசிக்கத் தெரியாதவரும் தம் குரலுக்குரிய பகுதியைக் கற்கலாம். ஆனால் மிடி ஒலிக்குச் சொற்கள் இல்லை, மூச்சும் இல்லை. மூச்சு விட இடமில்லாத ஒரு வரியைக் கணினி தடையின்றி ஒலித்துக் காட்டும். அந்தக் குறையைப் பாடுபவரே கண்டறிவர்.

பகிர்தலில் உரிமைக் கேள்வியும் அடங்கியுள்ளது. ராபர்ட் ஃப்ராஸ்ட் 1923-இல் வெளியிட்ட கவிதை ஒன்றுக்கு எரிக் விட்டேக்கர் இசையமைத்தார். கவிதையின் உரிமை பெற்றிருந்தோர் இசைவு மறுத்தனர். சார்ல்ஸ் அந்தோணி சில்வெஸ்ட்ரி அதே இசைக்குப் புதிய சொற்களை எழுத, அது 'ஸ்லீப்' என்னும் பாடலாயிற்று. 2011-இல் 58 நாடுகளிலிருந்து 2,000-க்கும் மேற்பட்டோர் தனித்தனியே பாடிப் பதிவுசெய்து அனுப்பிய காணொளிகள் இணைக்கப்பட்டு, அப்பாடல் இணையத்தில் வெளியாயிற்று. மூலக் கவிதையோ அமெரிக்காவில் 2019-இல்தான் காப்புரிமையிலிருந்து விடுபட்டது. இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் காப்புரிமை நீடிக்கும். 1941-இல் மறைந்த தாகூரின் எழுத்துகள் 2001 முடியும்வரை அதற்குட்பட்டிருந்தன.

பதிப்பாளர் அச்சிட்டதோடு நிற்கவில்லை. பிழை திருத்தினார், இசைவு பெற்றார், உரிமைத்தொகை திரட்டினார். இணையத்தில் தாமே வெளியிடுபவர்மீது இவையனைத்தும் விழுகின்றன. கவிஞரிடம் எழுத்து வடிவில் இசைவு பெறுதல், படியெடுக்கவும் மேடையேற்றவும் உள்ள நிபந்தனையை முதற்பக்கத்திலேயே குறித்தல், பாடிய குழு தகவல் தெரிவிக்க ஒரு முகவரி தருதல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. பதிவிறக்க எண்ணிக்கை எத்தனை பேர் கோப்பைப் பெற்றனர் என்பதை மட்டுமே சொல்லும். எங்கோ ஓர் ஊரில் ஒரு குழு அதைப் பாடிற்றா, எந்த வரியில் இடறிற்று என்பதை அக்குழுவே எழுதித் தெரிவித்தாலன்றி இசையமைப்பாளர் அறிய வழியில்லை. இலவசமாகப் பெற்ற பாடலுக்கு ஒரு குழு செலுத்தக்கூடிய மிகக் குறைந்த விலை அந்தக் கடிதமே.