ரெண்டு பிகா நிலம்

போன வாரம் பேஞ்ச மழையில கழனிக்குள்ள கால் வைக்க முடியல. அந்த நாலு நாள்ல ரெண்டு படம் பார்த்தேன். ஐம்பத்தஞ்சு வயசுல சினிமா பத்தி எழுத வந்துட்டானேன்னு சிரிக்காதீங்க. இதுவும் நிலத்தைப் பத்தின கதைதான்.

எனக்குத் தெரிஞ்ச சினிமா எம்.ஜி.ஆர்., சிவாஜி, அப்புறம் ரஜினி. டூரிங் டாக்கீஸ்ல மணலைக் குவிச்சு அது மேல உட்கார்ந்து பார்த்தவன். மத்த மொழிப் படம்னா தூர்தர்ஷன்ல ஞாயித்துக்கிழமை மத்தியானம் போடுவாங்களே, அதுதான். பஞ்சாயத்து டிவி ரூம்ல ஊரே உட்கார்ந்திருக்கும். வங்காளம், ஒரியான்னு தெரிஞ்சா போதும், "அவார்டு படம்டா"ன்னு எல்லாரும் எழுந்து போயிடுவோம். தமிழ் முறை எந்த வாரம் வரும்னுதான் காத்திருப்போம்.

சென்னையில வேலை பார்க்கிற என் பொண்ணு, மழையில ஊர்லயே மாட்டிக்கிட்டா. "சும்மா வானத்தையே பார்த்துக்கிட்டு இருக்கீங்களே நைனா, இதைப் பாருங்க"ன்னு லேப்டாப்பைத் திண்ணையில வெச்சா. முதல் படம் சத்யஜித் ராய் 1955-ல எடுத்த 'பதேர் பாஞ்சாலி'. அதுல ஒரு அக்காவும் தம்பியும் வெள்ளையா நாணல் பூத்த காட்டுக்குள்ள ஓடி, ரயில் பார்க்கிறாங்க. தென்னிந்தியாவுல முதல் ரயில் 1856-ல ராயபுரத்துல கிளம்பி எங்க வாலாஜா ரோடுக்குத்தான் வந்தது. மாடு மேய்க்கிறதை விட்டுட்டு அந்த ரயில் பாதைக்கு ஓடி அப்பாகிட்ட அடி வாங்கினவன் நான். அந்த வங்காளத்துப் பையன் ஓட ஓட, எனக்கு இங்க மூச்சு வாங்குது.

அடுத்த நாள் பார்த்தது 'தோ பிகா ஜமீன்'. 1953-ல வந்த இந்திப் படம், எடுத்தவர் பிமல் ராய். பேருக்கு அர்த்தம் 'ரெண்டு பிகா நிலம்'. வங்காளக் கணக்குல ஒரு பிகா ஏறக்குறைய 33 சென்ட்டுன்னு பொண்ணு தேடிச் சொன்னா. ரெண்டு பிகான்னா 66 சென்ட்.

அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்க கழனி மொத்தம் ஒண்ணே முக்கால் ஏக்கர். அதுல ரோட்டோரம் இருக்கிற 70 சென்ட்டைத்தான் ஒரு புரோக்கர் ரெண்டு மாசமா கேட்டுக்கிட்டிருக்கார். குடோன் கட்டப் போறாங்களாம். இருபது வருஷம் மல்லாட்டை போட்டாலும் கையில நிக்காத காசு. பையனுக்கு விக்கணும்னு ஆசை. நானும் தை பொறந்ததும் அட்வான்ஸ் வாங்கிடலாம்னு முக்கால்வாசி மனசை மாத்தி வெச்சிருந்தேன்.

படத்துல ஷம்புன்னு ஒரு விவசாயி. ஜமீன்தார் மில் கட்ட நினைக்கிற இடத்துக்கு நடுவுல அவனோட ரெண்டு பிகா இருக்குது. குடுக்க மாட்டேங்கிறான். உடனே பழைய கடனைக் கட்டுன்னு கோர்ட்டுக்கு இழுக்குறாங்க. மூணு மாசம் கெடு. அவன் கல்கத்தாவுக்குப் போய் கைரிக்‌ஷா இழுக்கிறான். பின்னாலேயே போன சின்னப் பையன் ரோட்டுல ஷூவுக்குப் பாலிஷ் போடுறான். ஷம்புவா நடிச்ச பல்ராஜ் சாஹ்னி, லண்டன்ல பிபிசி ரேடியோவுல வேலை பார்த்த படிச்ச மனுஷராம். இந்தப் படத்துக்காக நிஜமாவே கல்கத்தா தெருவுல ரிக்‌ஷா இழுத்துப் பழகினாராம். அது பொய்யில்லைன்னு அவர் கால் நடையைப் பார்த்தாலே தெரியும்.

அந்த நடை எனக்குத் தெரிஞ்ச நடை. பத்தாவது முடிச்ச வருஷம் எங்க கிணறு வத்திப்போச்சு. ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் கம்பெனியில எட்டு மாசம் வேலை செஞ்சேன். சுண்ணாம்புத் தொட்டியில கிடக்கிற பச்சைத்தோலை இழுத்துப் போடுற வேலை. கை வெந்துபோகும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, நாத்தம் போகக் குளிச்சிட்டுத்தான் உள்ள வரணும்னு அம்மா வாசல்லயே தண்ணி வெச்சிருப்பாங்க. அடுத்த வருஷம் மழை பேஞ்சு கிணறு ஊறினதும், கழனி என்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கிச்சு. இதை என் பிள்ளைங்ககிட்ட சொன்னதே இல்ல. அன்னிக்குப் படத்தை நடுவுல நிறுத்திட்டு சொன்னேன். பொண்ணு ஒண்ணும் பேசல. உள்ள போய் டீ போட்டு எடுத்தாந்தா.

கடைசியில ஷம்புவோட நிலம் ஏலத்துல போயிடுது. அங்க மில் எழும்புது. வேலிக்கு வெளிய நின்னு ஒரு கை மண்ணு அள்ளுறான். காவல்காரன் அதையும் கீழ போட வைக்கிறான். அவ்வளவுதான் படம்.

ராத்திரி பையன் வேலை முடிஞ்சு வந்ததும் அவனையும் உட்கார வெச்சு அந்தக் கடைசிக் கட்டத்தைப் போட்டுக் காட்டினேன். பார்த்துட்டு, "அவனை ஏமாத்திப் புடுங்கினாங்க நைனா. நமக்குக் காசு குடுத்துக் கேக்குறாங்க. ரெண்டும் ஒண்ணா?"ன்னான். நியாயமான கேள்வி. எனக்குச் சட்டுன்னு பதில் வரல.

ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். ஷம்புவுக்கு முடியாதுன்னு சொல்ற உரிமை இல்லாம போச்சு. எனக்கு அது இன்னும் இருக்குது. அட்வான்ஸ் வாங்கிட்டா அது போயிடும். அப்புறம் அந்தக் கழனியில ஒரு கை மண்ணு எடுக்கணும்னாலும் இன்னொருத்தனைக் கேக்கணும். விக்கிறதா இருந்தா இதெல்லாம் தெரிஞ்சு விக்கணும். கடன் நெருக்குது, புரோக்கர் நெருக்குறார்னு விக்கக் கூடாது.

காலையில புரோக்கருக்குப் போன் போட்டு, "மல்லாட்டை போடப் போறேன், புடுங்கினதுக்கு அப்புறம் பேசலாம்"னு சொல்லிட்டேன். எப்படியும் மூணரை மாசம் ஆகும். பையனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் நேத்து விதைக்கொட்டை உடைக்கும்போது அவனும் வந்து பக்கத்துல உட்கார்ந்தான்.

அன்னிக்கு பஞ்சாயத்து ரூம்ல எழுந்து போகாம உட்கார்ந்திருந்தா இன்னும் எத்தனை ஊர் விவசாயிங்களைப் பார்த்திருப்பேனோ. இப்ப ராத்திரியில ஒரு படம்னு ஆரம்பிச்சிருக்கேன். பாஷை புரியலன்னாலும் மண்ணு புரியுதுங்க.