லண்டனில் ஒரு பரப்பு

லண்டனில் கவுன்சில் வாடகைக்குத் தரும் அலொட்மென்ட் தோட்டத்தின் முழு அளவு 10 ரொட். 250 சதுர மீட்டருக்குச் சற்றுக் கூட. ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு. யாழ்ப்பாணத்தில் காணி அளந்து பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும். அங்கே 16 பரப்பு ஓர் ஏக்கர். அப்படியென்றால் இது சரியாக ஒரு பரப்பு. ஒரு பரப்புத் தோட்டம் ஒரு வீட்டுக்கு மரக்கறி தருவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதே அளவு மண் இங்கேயும் அந்த வேலையைச் செய்கிறது, ஊர்ப் பட்டத்தை மறந்து இந்த ஊர் வெளிச்சத்துக்கு நாம் பழகினால்.

எல்லோரும் குளிரைத்தான் குறை சொல்வார்கள். எனக்கு வெளிச்சமே பெரிய விஷயமாகப் படுகிறது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தைத் தாண்டாது. லண்டனில் ஜூன் 21 அன்று பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல். அவரைக்கு இது புரிவதில்லை. பகல் சுருங்கினால்தான் அது பூக்கும். ஜூனிலும் ஜூலையிலும் பந்தலை மூடிப் படர்ந்து, இலை இலையாகத் தள்ளி, செப்டெம்பர் கடைசியில் மெல்ல ஒரு பூங்கொத்தை நீட்டும். அது காயாகுமுன் பனி விழுந்துவிடும்.

முள்ளங்கிக்கு நேர் எதிரான சிக்கல். மே மாதம் விதைத்தால் நீண்ட பகலைக் கண்டு கிழங்கு வைக்காமலே பூத்துவிடும். ஜூலைக் கடைசியில் விதைத்தால் கை பருமனுக்குத் திரளும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று ஊரில் சொன்னது இங்கே முள்ளங்கிக்கு அப்படியே பொருந்துவதில் எனக்கு ஒவ்வோர் ஆண்டும் மகிழ்ச்சி.

அவரைக்கு வழி விதையில்தான் இருக்கிறது. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட குத்து அவரை ரகங்கள் பகல் நீளம் பாராமல் பூப்பவை. ஆனால் எனக்குக் கொடி அவரையின் வாசம்தான் வேண்டும். அதனால் தெரிந்தெடுக்கிறேன். பந்தலில் எந்தக் கொடி முதலில் பூக்கிறதோ அதன் அடித்தண்டில் சிவப்புக் கம்பளி நூல் கட்டிவிடுவேன். அந்தக் கொடியின் முதல் காய்கள் கறிக்கு இல்லை. தோல் மஞ்சளித்து, உள்ளே விதை மேடு கட்டும்வரை கொடியிலேயே விடுவேன். பனி வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் கொடியை வேரோடு பிடுங்கிக் கொட்டிலுக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டால், மிச்சம் உள்ள ஈரத்திலேயே விதை முற்றிவிடும். அடுத்த ஆண்டு அந்த விதை மட்டும்தான் மண்ணுக்குப் போகும். முந்திப் பூப்பது பரம்பரைக் குணம். பொறுமையாகத் தெரிந்தெடுத்தால் பூக்கும் நாள் முன்னே நகர்கிறது. கடையில் வாங்கும் எந்தப் பைக்கற்றிலும் இந்த விதை கிடைக்காது.

பூசணிக்கு இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். பக்கத்துத் தோட்டத்துப் பூசணியின் மகரந்தத்தைத் தேனீக்கள் கொண்டுவந்து கலந்துவிடும். மறுநாள் விரியப்போகும் ஆண்பூவையும் பெண்பூவையும் முதல் நாள் மாலையே பார்த்தால் தெரியும். நுனி மஞ்சள் ஏறியிருக்கும். இரண்டின் வாயையும் நூலால் கட்டிவிட வேண்டும். விடியற்காலை ஆண்பூவின் இதழை உரித்து, மகரந்தத்தைப் பெண்பூவின் சூல்முடியில் தடவி, மறுபடி கட்டி, அந்தக் காம்பில் அடையாளம் போட்டுவிட்டால் விதை சுத்தம். முளைக்கீரைக்கு இவ்வளவு பாடில்லை. காய்ந்த கதிரைச் சுளகில் உதிர்த்துப் புடைத்தால் போத்தல் நிறைய விதை.

பசளை விஷயத்தில் எங்கள் ஊர் எனக்குக் கற்றுத்தந்தது அதிகம். 1990இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை வந்தபோது எரிபொருள், மின்கலம், சவர்க்காரத்தோடு யூரியாவும் தடைப் பட்டியலில் இருந்தது. மண்ணெண்ணெய்யை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தலில் சிறு திரி எரிந்தது. சைக்கிள் டைனமோவில் வானொலி பாடியது. தோட்டங்களில் பழைய வழக்கப்படி பூவரசங்குழை வெட்டிப் பசளையாகத் தாழ்த்தினார்கள். இங்கே பூவரசு இல்லை, பிளேன் மரம் இருக்கிறது. அதன் இலை தடிப்பு; கம்பிக்கூட்டுக்குள் ஈரமாக இரண்டு ஆண்டாவது கிடந்தால்தான் கறுத்துப் பொடியாகும். லண்டனின் களிமண்ணை இளக்க அதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

குதிரை லாயங்களில் எரு இலவசமாகவே கிடைக்கும். ஆனால் அப்படியே கொட்டிவிடாதீர்கள். மேய்ச்சல் நிலத்தில் அடித்த அமினோபைராலிட் என்ற களைக்கொல்லி உலர்புல் வழியாகக் குதிரைக்குள் போய், எருவில் அழியாமல் வரும். ஒரு சட்டியில் அந்த எருவைக் கலந்து புரோட் பீன்ஸ் ஊன்றுங்கள். இன்னொரு சட்டியில் எரு இல்லாமல் ஊன்றுங்கள். எருச் சட்டியில் மட்டும் தளிர் சுருண்டு குவிந்தால் அந்த எரு தோட்டத்துக்கு வேண்டாம்.

தண்ணீரும் இனி நிச்சயமில்லை. மழை நகரம் என்று பெயர்தான்; லண்டனில் ஆண்டுக்குப் பெய்வது சுமார் 600 மில்லிமீட்டர், யாழ்ப்பாணத்தில் பெய்வதில் பாதி. 2022 ஜூலை 19 அன்று ஹீத்ரோவில் 40.2 பாகை வெயில் அடித்தது. ஓகஸ்டில் ஹோஸ் குழாயால் நீர் பாய்ச்சத் தடை வந்தது. கொட்டில் கூரைக்கு ஒரு பீலி வைத்துப் பீப்பாய் நிரப்பியவர்களின் தக்காளி தப்பியது.

1922ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அலொட்மென்ட் விளைச்சல் பெரும்பாலும் குடும்பத்தின் சாப்பாட்டுக்குத்தான். அதனால் மிஞ்சியது கைமாறுகிறது. என் பக்கத்துப் பாத்திக்கார ஜமேய்க்கா அம்மா முளைக்கீரையைக் கலலூ என்கிறார், என்னைவிட நன்றாகச் சமைக்கிறார். அவருக்கு என் கீரை விதை, எனக்கு அவருடைய பூசணி விதை. விதை கொடுக்கும்போது கடதாசி உறையில் எந்த ஆண்டு எடுத்தது, எந்தத் திகதியில் பூத்தது என்று எழுதிக் கொடுப்பது எங்கள் இருவருக்கும் வழக்கம். அந்தத் திகதி இல்லாத விதையில் பாதிப் பயன்தான்.

தோட்டம் கேட்டுக் காத்திருப்போர் பட்டியல் நீளம்தான். இன்றே பெயரைப் பதியுங்கள். லண்டனின் புறப்பகுதிகளில் 1908ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது: அங்கே வாழும் வாக்காளர் ஆறு பேர் சேர்ந்து நிலம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் கவுன்சில் அதைக் கருத்தில் எடுத்தாக வேண்டும். அதுவரை ஒரு யன்னல் போதும். சமையலறையில் இருக்கும் வெந்தயத்தை ஒரு தட்டத்தில் தூவுங்கள். கீரை பறிக்கும்போது ஓரத்தில் நாலு செடியை விட்டுவிடுங்கள். அவை பூத்துக் காய்த்து அடுத்த விதைப்புக்கு விதை தரும்.