பெயருக்கு எத்தனை மில்லிமீட்டர்?

காசோலை என்றதும் நம்மில் பலர் முதலில் பார்ப்பது தொகையைத்தான். கணக்கியல் பாடநூலிலும் காசோலைக்குக் கிடைப்பது ஒரே ஒரு வரி. வங்கிக் கணக்கின் வரவுப் பக்கத்தில் தேதி, எண், தொகை ஆகியவற்றை எழுதிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால், அந்தச் சிறிய தாளில் பெயர் எங்கே அமர வேண்டும், தேதி எங்கே விழ வேண்டும் என்பதை எந்த விரிவுரையும் சொல்லித் தருவதில்லை. அதை எனக்குக் கற்றுத் தந்தது, பல்கலைக்கழகம் அனுப்பி வைத்த தொழிற்பயிற்சிதான்.

நான் பயிற்சி பெற்றது கிள்ளானில் உள்ள ஒரு சிறிய சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில். நிறுவனத்திற்குச் சொந்தமான லாரிகள் சில. மீதிச் சரக்கை ஏற்றுபவர்கள் சொந்தமாக ஒரு லாரி வைத்திருக்கும் வெளியாட்கள். அவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள். மாதம் இருமுறை அவர்களுக்கு ஐம்பது அறுபது காசோலைகள் போக வேண்டும். கணக்குப் பிரிவில் இருந்த அக்கா அத்தனையையும் கையால்தான் எழுதி வந்தார். நிறுவனம் வாங்கியிருந்த கணக்கியல் மென்பொருளிலேயே காசோலையை அச்சிடும் வசதி இருந்தது. ஆட்டோகவுண்ட், எஸ்.கியூ.எல். போன்ற நம் நாட்டுத் தயாரிப்புகளை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. “நீ யுனிவர்சிட்டி பொண்ணுதானே, இதைப் பாரு” என்று தவுக்கே அந்த வேலையை என்னிடம் ஒப்படைத்தார்.

“இந்தக் காலத்திலும் காசோலையா?” என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. காசோலையைக் குறைத்து மின்னியல் வழிக்கு மக்களை மாற்றும் நோக்கில், 2015 ஜனவரி 2 முதல் வங்கிகள் ஒவ்வொரு காசோலைக்கும் 50 சென் கட்டணம் விதித்து வருகின்றன. 2018-இல் டூயிட்நவ் வந்த பிறகு கைப்பேசியிலேயே பணம் அனுப்புகிறோம். ஆயினும், இருவர் கையொப்பமிட்டால்தான் பணம் வெளியே போகும் என்ற பழைய ஒழுங்கை விட மனமில்லாத சிறு நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன. எங்கள் தவுக்கேயும் அந்த ரகம்தான்.

வேலையைத் தொடங்கினேன். காசோலை வடிவத்தை அமைப்பது என்பது கணினி வேலையைவிடத் தையல் வேலைக்கே நெருக்கமானது எனலாம். அளவெடுத்த பிறகுதான் வெட்ட வேண்டும். ஒரு காசோலைத் தாளை மேசைமேல் வைத்து, இடப்பக்க விளிம்பிலிருந்தும் மேல் விளிம்பிலிருந்தும் ஒவ்வொரு கோடும் எத்தனை மில்லிமீட்டரில் இருக்கிறது என்று அளவுகோலால் அளந்து குறித்துக்கொண்டேன். பின்பு மென்பொருளின் வடிவமைப்புப் பக்கத்தில் பெயர், தேதி, எழுத்தால் தொகை, எண்ணால் தொகை என ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டியை அந்த அளவிலேயே நிறுத்தினேன். வங்கிக்கு வங்கி கோடுகளின் இடம் மாறும். ஆகவே, இரண்டு வங்கிகளில் கணக்கு இருந்தால் இரண்டு வடிவங்கள் வேண்டும்.

சோதனை அச்சை உண்மையான காசோலையில் எடுக்கக்கூடாது. ஒவ்வொரு தாளுக்கும் 15 சென் முத்திரை வரி இருக்கிறது. தாளுக்குரிய எண்ணுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். வெற்றுத்தாளைக் காசோலை அளவுக்கு வெட்டி அச்சிட்டு, அதன்மேல் காசோலையை ஒட்டிப் பிடித்துச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் பிசகு தெரிந்துவிடும். எனக்கு எல்லாமே ஒரே அளவில் இடப்பக்கம் தள்ளி விழுந்தது. அளவில் தவறில்லை. கையால் தாள் செருகும் தட்டில் அச்சுப்பொறி சிறிய தாளை நடுவில் வைத்து இழுக்கிறது. மென்பொருளோ இடப்பக்க விளிம்பிலிருந்து எண்ணுகிறது. தாளின் அளவைக் காசோலையின் அளவாக மாற்றிக் கொடுத்ததும் அது சரியானது.

இன்னும் சில நுணுக்கங்கள் உண்டு. தேதிக்குக் கட்டங்கள் இருந்தால் ஒவ்வோர் இலக்கத்திற்கும் தனிப்பெட்டி வைப்பதே நல்லது. எண்ணுக்கு முன்னும் பின்னும் உடுக்குறி அச்சிட்டால் யாரும் இன்னோர் இலக்கத்தைச் சேர்க்க முடியாது. அடியில் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர் உயரமுள்ள வெள்ளைப் பட்டையில் ஒரு புள்ளிகூட விழக்கூடாது. அங்கேதான் காசோலை எண்ணும் கணக்கு எண்ணும் காந்த மையால் அச்சாகியிருக்கின்றன. வங்கி இயந்திரம் படிப்பது அதைத்தான்.

எழுத்தால் தொகையை எழுதும் பெட்டிதான் எனக்கு மிகவும் பிடித்தது. தமிழ்ப்பள்ளியில் எண்ணைக் கொடுத்து ‘எண்மானத்தில் எழுதுக’ என்பார்கள். எதற்கு இந்தத் தொல்லை என்று அப்போது தோன்றும். அதன் அருமை இங்கேதான் விளங்கியது. எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே செலுத்த வேண்டிய தொகை என்று நம் நாட்டின் 1949-ஆம் ஆண்டு மாற்றுச்சீட்டுச் சட்டம் சொல்கிறது. எண்ணைவிடச் சொல்லுக்கே மதிப்பு அதிகம்! பெட்டியின் நீளத்தைச் சோதிக்க எந்தத் தொகையைப் பயன்படுத்துவது? ஆங்கிலத்தில் அச்சிட்டால் 777,777.77 ரிங்கிட், மலாயில் அச்சிட்டால் 999,999.99 ரிங்கிட். அந்தந்த மொழியில் மிக நீளமாக வரும் சொற்கள் அவற்றில் இருக்கின்றன. அவை அடங்கினால் வேறெந்தத் தொகையும் அடங்கும்.

தொகை அடங்கியது. பெயர்தான் அடங்கவில்லை.

வங்கியைத் தேர்ந்தெடுத்தால் வரும் ஆயத்த வடிவத்திலிருந்துதான் தொடங்கினேன். அதில் பெயருக்கான பெட்டி கோட்டின் பாதியிலேயே முடிந்திருந்தது. டயர் கடை, எண்ணெய் நிலையம், பட்டறை என்று நிறுவனப் பெயர்கள் அழகாக அமர்ந்தன. லாரிக்காரர்களின் பெயர்கள் வந்தபோது வால் அறுந்தது. பாலசுப்பிரமணியம் போன்ற ஒரு பெயருக்கே ரோமன் எழுத்தில் 15 இடம் வேண்டும். ‘அனாக் லெலாக்கி’ என்பதைச் சுருக்கிய ‘ஏ/எல்’ என்பதற்கும் இடைவெளிகளுக்கும் இன்னும் ஐந்து இடம். அதன் பிறகுதான் தகப்பனார் பெயரே தொடங்குகிறது. ‘பின்’ சேர்த்து எழுதும் நீண்ட மலாய்ப் பெயர்களுக்கும் இதே கதிதான்.

இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல என்பதை லாரி ஓட்டும் அங்கிள் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். முன்பு வேறொரு நிறுவனம் கொடுத்த அச்சிட்ட காசோலையில் அவருடைய தந்தை பெயர் பாதியில் நின்றிருக்கிறது. கணக்கிலுள்ள பெயரோடு ஒத்துப்போகவில்லை என்று அது திரும்பிவிட்டது. புதிய காசோலை வருவதற்குள் ஒன்பது நாள்கள் ஓடிவிட்டன. “டீசல் கடன்காரனுக்கு என் அப்பா பேரு பாதி, முழுசுன்னு சொன்னா புரியுமாம்மா?” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தவுக்கேயிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் அல்லர், அவசரக்காரர். ‘ஏ/எல்’ வருவதற்கு முன்பே பெயரை நிறுத்திவிடலாம், எல்லாரும் தெரிந்தவர்கள்தானே என்றார். அக்காவின் பழைய பட்டியலைத் திறந்தேன். அதில் ‘காப்பார் லாரி’, ‘மேரு லாரி’ என்று ஊர்ப்பெயரால் இருவர் இருந்தனர். அடையாள அட்டைப்படி இருவருக்கும் பெயர் ஒன்றே. தந்தை பெயர்தான் வேறு. அவர் சொன்னபடியே இரண்டு காசோலைகளை வெற்றுத்தாளில் அச்சிட்டு மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தொகை மட்டும் வேறுபட்டது. எது யாருடையது என்று அவரால் சொல்ல முடியவில்லை. சற்று நேரம் இரண்டையும் பார்த்துவிட்டு, “சரி, முழுசா போடு” என்றார்.

பிறகு செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பெட்டியை வலப்பக்கமாக ‘அத்தாவ் பெம்பாவா’ என்ற அச்சுக்கு முன்பு வரை நீட்டினேன். எழுத்தின் அளவை 11 புள்ளியிலிருந்து 9-ஆகக் குறைத்தேன். அப்படியும் அடங்காத மூன்று பெயர்களுக்கு இரண்டாம் வரி அனுமதித்தேன். பட்டியலிலுள்ள ஊர்ப்பெயர்களை நீக்கி, ஒவ்வொருவரின் வங்கிக் கணக்கில் உள்ளபடியே பெயரைப் பதிந்தோம். அக்கா ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து எழுத்தெழுத்தாகக் கேட்டுச் சரிபார்த்தார். இதற்கே இரண்டு நாள்கள் ஆயின. மாதக் கடைசியில் அந்த அங்கிள் காசோலையை வாங்கி, பெயரின்மேல் விரல் வைத்து மெல்ல ஓட்டிப் பார்த்தார். “அப்பா பேரு முழுசா இருக்கு. பேங்குல நின்னு பேச வேணாம்” என்று சொல்லி மடிக்காமல் பையில் வைத்துக்கொண்டார்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்புக்குப் போனவர்களுக்கு இந்த உணர்வு புதிதாக இருக்காது. வருகைப் பதிவேட்டில், தேர்வுப் பாரத்தில், நூலக அட்டையில் நம் பெயர் எங்கே நிற்கும் என்று நாம் பார்த்துப் பழகியவர்கள். யாரும் வேண்டுமென்று வெட்டுவதில்லை. பெட்டியை வரைந்தவரின் மனத்தில் இருந்த பெயர் குட்டையாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால், அந்தப் பெட்டியைத் திறந்து நீட்டத் தெரிந்தவர்கள் நம்மிலும் இப்போது இருக்கிறோம். கணக்கியலும் கணினியியலும் பயிலும் தோழர்களே, நாளை நீங்கள் வடிவமைக்கப்போகும் பாரமோ பற்றுச்சீட்டோ காசோலையோ எதுவாயினும், சோதனை அச்சுக்கு உங்கள் நிறுவனத்தின் பெயரைப் போடாதீர்கள். பட்டியலிலேயே மிக நீளமான பெயரைத் தேடி எடுத்து அதை அச்சிட்டுப் பாருங்கள். அது அடங்கினால் மற்ற எல்லாருடைய பெயரும் அடங்கும்.